எரிஉலையின் பசி

வடசென்னையின் குடியிருப்போர் நலச் சங்கங்கள் 2025 மே மாதத்தில் ஒரு மனிதச் சங்கிலி நடத்தின. பெண்கள், முதியவர்கள், பள்ளிச் சிறுவர்கள் எனப் பலரும் சாலையோரம் கைகோத்து நின்றனர். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வளாகத்தில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் எரிஉலையைச் சென்னை மாநகராட்சி அமைக்கக் கூடாது என்பதே அவர்களின் கோரிக்கை. பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைத் தங்கள் வாசலில் ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். 'குப்பை மலையை அகற்றுகிறோம்' என்று சொன்னால் முதலில் மகிழ வேண்டியவர்களும் அவர்களே. ஆனால், எரிஉலை வேண்டாம் என்று அவர்கள்தாம் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். இந்த முரணைப் புரிந்துகொள்ளாமல், வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமாகாது.

முதலில் மாநகராட்சியின் தரப்பைப் பார்த்துவிடலாம். சென்னையில் நாள்தோறும் சேரும் குப்பை ஐயாயிரம் டன்னைத் தாண்டிவிட்டது. வடக்கே கொடுங்கையூரும் தெற்கே பெருங்குடியும் அதைச் சுமந்து வந்தன. பெருங்குடிக் கிடங்கோ பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே வளர்ந்தது. எந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றதோ, அதை ஒட்டிய கிடங்கு அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நாள்கணக்கில் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு இடங்களிலும் பழைய குப்பையைத் தோண்டிப் பிரிக்கும் 'பயோமைனிங்' பணி நடைபெறுகிறது. நிலம் மீட்கப்பட்ட பிறகு, புதிதாக வரும் குப்பையை எங்கே கொட்டுவது? நகரத்தைச் சுற்றி எந்த ஊரும் இடம் தராது, தரவும் கூடாது. ஆகவே எரித்துவிடலாம் என்கிறது நிர்வாகம். இதில் தீய நோக்கம் எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை.

திறந்தவெளிக் கிடங்கு என்பது மெதுவாக நடக்கும் ஒரு விபத்து என்பதிலும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், குப்பை மேடு சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் தில்லி காஜிப்பூர் மேடு சரிந்து இருவரைக் கொன்றது. கொச்சியின் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச் மாதம் தீப்பிடித்து, ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த நகரமே புகைக்குள் கிடந்தது. மேட்டின் உள்ளே காற்றில்லாமல் அழுகும் உணவுக் கழிவு மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், புவியைச் சூடேற்றுவதில் அது கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வலுவுடையது. கோடையில் கிடங்குகள் எரிவதற்கும் அந்த வாயுவே துணைபோகிறது. அடியில் கசியும் கருஞ்சாறு நிலத்தடி நீரைச் சேர்கிறது. ஆகவே இப்போதுள்ள நிலை தொடர வேண்டும் என்று யாரும் வாதிடவில்லை. எரிஉலை அந்த நிலையை மாற்றுமா என்பதே கேள்வி.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நம் நகரங்களின் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது காய்கறிக் கழிவு, மிஞ்சிய சோறு, பழத்தோல், பூ, இலை போன்ற ஈரக் கழிவு. பிரிக்காத குப்பை 100 கிலோவில் 55 கிலோ ஈரக் கழிவு என்று கொள்வோம். அதில் எழுபது விழுக்காடு தண்ணீர் என்றால், ஏறத்தாழ 38 கிலோ தண்ணீரை நாம் உலைக்குள் அனுப்புகிறோம். சாதாரண வெப்பநிலையில் உள்ள ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 600 கிலோகலோரி அளவுக்கு வெப்பம் தேவை. மொத்தத்தில் 23,000 கிலோகலோரி தண்ணீரை விரட்டுவதற்கே போய்விடும். தூய பாலித்தீன் பைகளை இரண்டு கிலோ எரித்தால் கிடைக்கும் வெப்பம் அது. அதற்குப் பிறகு மிஞ்சுவதில்தான் மின்சாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய குப்பைக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

இது தாளில் போட்ட கணக்கு மட்டுமல்ல. தில்லி திமார்ப்பூரில் டென்மார்க் தொழில்நுட்பத்துடன் நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரிக்கும் ஆலை 1987-இல் நிறுவப்பட்டது. 21 நாள் ஓடியது. குப்பையில் எரியும் தன்மை போதவில்லை என்று நிறுத்தப்பட்ட அந்த ஆலை பிறகு ஓடவே இல்லை. இயந்திரத்தில் கோளாறு இல்லை. டேனிஷ் குப்பைக்கு வடிவமைத்த உலையில் தில்லிக் குப்பையைப் போட்டதே கோளாறு. பின்னர் அதே நகரத்தின் ஓக்லாவில் வந்த எரிஉலையைச் சுற்றியுள்ள மக்கள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினர். மாசு தொடர்பாக அந்த உலைக்கு 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆலையை மூடச் சொல்லவில்லை.

ஈரம் மின்சாரத்தைக் குறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. உலையின் வெப்பம் 850 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். எரிவாயுக்கள் அந்த வெப்பத்தில் குறைந்தது இரண்டு விநாடி தங்க வேண்டும். அப்போதுதான் டயாக்சின் என்னும் நச்சுச் சேர்மங்கள் சிதையும். ஈரக் குப்பை உள்ளே விழ விழ வெப்பம் தடுமாறும். குளோரின் கலந்த பிவிசி போன்ற பிளாஸ்டிக் குப்பையில் இருந்துவிட்டால், புகை குளிரும்போது டயாக்சின் மீண்டும் உருவாகும். மிக நுண்ணிய அளவிலேயே தீங்கு செய்வது. கொழுப்பில் தங்கிப் பாலிலும் முட்டையிலும் மீனிலும் சேர்வது. அதனால்தான் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்த வேண்டிய நஞ்சுகளில் ஒன்றாகப் பட்டியலிட்டிருக்கிறது. இந்தியா 2006-இல் அதனை ஏற்றது. புகைபோக்கியில் தூசியையும் கந்தக டை ஆக்சைடையும் இடைவிடாமல் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. டயாக்சினை அப்படி நொடிக்கு நொடி அளக்க முடியாது. மாதிரி எடுத்து, சிறப்பு ஆய்வகத்துக்கு அனுப்பிப் பல நாள் காத்திருக்க வேண்டும். ஆண்டில் சில நாள் மட்டும் சோதனை நடக்கும் என்றால், மற்ற நாள்களில் உலை எப்படி நடந்துகொண்டது என்பதற்குச் சான்று எங்கே?

சாம்பலைப் பற்றி நம் விவாதங்களில் யாரும் பேசுவதில்லை. எரித்த குப்பையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் அடிச்சாம்பலாக மிஞ்சும். வடிகட்டிகளில் பிடிபடும் பறக்கும் சாம்பல் அளவில் குறைவு. ஆனால், உலை காற்றில் விடாமல் தடுத்த கன உலோகங்களும் டயாக்சினும் அதில்தான் இருக்கும். அதை அபாயகரக் கழிவாகக் கருதித் தனிக் குழியில் பாதுகாக்க வேண்டும். அதாவது, புகைபோக்கி எவ்வளவு சுத்தமாகிறதோ அவ்வளவுக்குச் சாம்பல் நஞ்சாகிறது. குப்பைக் கிடங்கே இல்லாத நகரம் என்று எரிஉலையை முன்வைப்பவர்கள், அந்தச் சாம்பலுக்கான கிடங்கு எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஜப்பானில் எரிக்கவில்லையா, சுவீடனில் எரிக்கவில்லையா என்று கேட்பார்கள். எரிக்கிறார்கள். கோபன்ஹேகன் நகரின் எரிஉலைக் கூரையில் பனிச்சறுக்குத் தளமே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே குப்பை பிரிக்கப்பட்டு வருகிறது, ஈரம் குறைவு, உலையின் வெப்பம் வீடுகளைச் சூடேற்றப் பயன்படுகிறது. சென்னைக்கு அந்த மூன்றாவது பயன் எந்தக் காலத்திலும் தேவைப்படாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், கோபன்ஹேகனிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் வேறொன்று. அவ்வளவு பெரிய உலையைக் கட்டிய பிறகு, உள்ளூர்க் குப்பை போதாமல் பிற நாடுகளிலிருந்து குப்பையை வரவழைக்க வேண்டியதாயிற்று. டென்மார்க் அரசு 2020-இல், தன் எரிக்கும் திறனை 2030-க்குள் முப்பது விழுக்காடு குறைப்பது என்று முடிவெடுத்தது. மறுசுழற்சியை வளர்க்க வேண்டுமானால் உலையைச் சுருக்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரிந்தது.

உலர் கழிவை மட்டுமே எரிப்போம் என்று இங்கே உறுதி கூறப்படுகிறது. என் ஐயமெல்லாம் இந்த உறுதிமொழியின் மீதுதான். உலர் கழிவு முறையாகப் பிரிக்கப்பட்டுவிட்டால் அதில் என்னவெல்லாம் இருக்கும்? செய்தித்தாள், அட்டைப்பெட்டி, பால் பாக்கெட், தண்ணீர் பாட்டில், தகரம், கண்ணாடி. இவற்றுக்கெல்லாம் காயலான் கடையில் விலை உண்டு. எரித்தால் நன்கு எரியக்கூடிய காகிதமும் பிளாஸ்டிக்கும் விற்றால் நல்ல விலைக்குப் போகக்கூடியவையே. அவை வெளியேறிய பிறகு மிஞ்சுவது சிப்ஸ் பாக்கெட்டின் பலஅடுக்கு உறை, அழுக்கேறிய பை, கிழிந்த செருப்பு, கந்தல் துணி ஆகியவை. இவற்றை அரியலூர்ப் பக்கத்துச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பும் வழி ஏற்கெனவே இருக்கிறது. அதிலும் குறைகள் உண்டு என்பது வேறு விஷயம். பெரிய உலை ஒன்றை நாளெல்லாம் எரியவைக்கும் அளவுக்கு இந்த மிச்சம் தேறாது. ஆகவே, குப்பையைச் சரியாகப் பிரித்தால் உலை பட்டினி கிடக்கும்; பிரிக்காவிட்டால் உலை புகையும். முதலீடு செய்த நிறுவனம் பட்டினியை ஏற்காது. நாளொன்றுக்கு இத்தனை டன் தந்தே தீர வேண்டும் என்று பல பத்தாண்டுகளுக்கு ஒப்பந்தம் போடுவது இந்தத் தொழிலின் வழக்கம். அப்படி ஒப்பந்தமிட்ட மாநகராட்சி, வீட்டில் குப்பையைப் பிரியுங்கள் என்று நம்மிடம் எந்த மனத்தோடு சொல்லும்?

இந்த நாட்டில் குப்பையைப் பிரிக்கச் சொல்லும் சட்டம் புதிதல்ல. உச்ச நீதிமன்றத்தில் 1996-இல் அல்மித்ரா படேல் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016-இல் வந்த விதிகள், வீட்டிலேயே ஈரக் கழிவு, உலர் கழிவு, அபாயகரமான வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கக் கட்டளையிட்டன. மத்திய அரசு 2024 டிசம்பரில் வெளியிட்ட வரைவு அதனை நான்காக்கியது. விதிகள் வளர்ந்தன, கூடையில் பெரிய மாற்றமில்லை.

அந்த மூன்றாவது வகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பழுதான குழல் விளக்கு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக் கூடையில் நட்டுவைத்தேன். மறுநாள் காலை குப்பை வண்டியுடன் வரும் அம்மாள் உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "யாரோ பல்பை ஒடிச்சு உள்ள போட்டிருக்காங்க சார்" என்றார். நான் போடும்போது ஒடியவில்லை. வண்டியில் அமுக்கும்போது ஒடிந்திருக்கும். அது என் வீட்டு விளக்குதான் என்று அவரிடம் சொல்லும் துணிவு எனக்கு அன்று வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சில மில்லிகிராம் பாதரசம் அதில் இருக்கும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அதே கூடையில்தான் நம் வீடுகளிலிருந்து இன்சுலின் ஊசியும், காலாவதியான மாத்திரையும், குழந்தையின் டயப்பரும், அணையாடையும், செல்போன் மின்கலமும், கரப்பான் மருந்துக் குப்பியும் போகின்றன. மருத்துவமனையிலிருந்து வந்தால் இதே ஊசிக்குத் தனிக் கொள்கலன், தனி வண்டி, 48 மணி நேரக் கெடு எல்லாம் உண்டு. கேரளத்து மருத்துவக் கழிவு 2024 டிசம்பரில் நெல்லை மாவட்டக் கிராமங்களில் கொட்டப்பட்டபோது நமக்கெல்லாம் கோபம் வந்தது. பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுப்படி அதை லாரிகளில் திரும்ப அள்ளிச் சென்றார்கள். வந்தது நியாயமான கோபம். வீட்டில் பயன்படுத்திய ஊசியைக் கறிவேப்பிலைக் காம்போடு சேர்த்துப் போடுகிற நமக்கு அந்தக் கோபத்தில் பாதியாவது நம் மீது வந்திருக்க வேண்டாமா?

மக்களை மட்டும் குறை சொல்லி முடிக்கவும் முடியாது. அபாயகரமான வீட்டுக் கழிவைப் பெறுவதற்கு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் அமைக்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு விதி. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். அந்தக் கணக்குக்கு இருபதுக்கும் மேற்பட்ட மையங்கள் வேண்டும். இந்தக் கட்டுரையைப் படிக்கும் சென்னைவாசிகளில் எத்தனை பேருக்குத் தங்கள் பகுதி மையத்தின் முகவரி தெரியும்? எரிஉலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இதற்கு ஆவது மிகச் சிறிய தொகை. மின்கலமும் பிவிசியும் கூடைக்கு வராமல் நின்றால், அதற்குப் பின் குப்பையை எரித்தாலும், மக்கவைத்தாலும், புதைத்தாலும் பாதி நஞ்சு முன்கூட்டியே விலகியிருக்கும்.

பிரிப்பது கைவேலை. அந்தக் கை யாருடையது, அதற்கு என்ன கூலி, அது நாளையும் வேலையில் இருக்குமா என்பவை இதிலிருந்து விலக்கிப் பேசக்கூடியவை அல்ல. இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாரிடம் ஒப்படைப்பதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை எதிரே 13 நாள் அமர்ந்திருந்தனர். நள்ளிரவில் அவர்கள் அப்புறப்படுத்தப்பட்டனர். அந்தப் போராட்டம் ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் பற்றியது என்றே நாம் பேசினோம். எந்த வீட்டில் பிரிக்கிறார்கள், எந்த வீட்டில் கலக்கிறார்கள், எந்தக் கடைக்காரர் இரவில் மூட்டையைக் கால்வாயில் தள்ளுகிறார் என்பதெல்லாம் தெருவில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவருக்கே தெரியும். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் அந்த அறிவும் கலைந்துவிடும். எடைக்குப் பணம் என்று ஒப்பந்தம் போட்டால், பிரித்து எடையைக் குறைக்க ஒப்பந்ததாரருக்கு எந்தக் காரணமும் இருக்காது.

வேறு வழியில் போன ஊர்கள் இருக்கின்றன. ஆலப்புழையின் குப்பை சர்வோதயபுரத்துக்கு வரக் கூடாது என்று 2012-இல் அவ்வூர் மக்கள் லாரிகளை மறித்தார்கள். கொட்ட இடமில்லாத நகராட்சி, வீட்டுக்கு வீடு சாண எரிவாயுக் கலன், தெருமுனையில் காற்றோட்ட உரத்தொட்டி என்று இறங்கியது. ஐந்தே ஆண்டில் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கழிவு மேலாண்மைக்காக எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஒன்றாக அது ஆயிற்று. புணே நகரில் 2008 முதல் குப்பை சேகரிப்போரின் கூட்டுறவு அமைப்பே வீடு வீடாகச் சென்று பிரித்த குப்பையை வாங்குகிறது. விற்கும் உலர் கழிவின் வருவாய் அவர்களுக்கே. இந்தோரில் ஈரக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 550 டன் கொள்ளளவு. ஈரக் கழிவு வீட்டிலேயே தனியாக வருவதால்தான் அது ஓடுகிறது.

ஆலப்புழை சிறிய ஊர். சென்னை அப்படியல்ல என்பதை ஏற்கிறேன். நெருக்கமான குடிசைப் பகுதியில் உரத்தொட்டிக்கு இடம் தேடுவது கடினம். சென்னையிலேயே அமைக்கப்பட்ட நுண்ணுர மையங்களுக்கு எதிராக, நாற்றம் வருகிறது என்று அக்கம்பக்கத்தார் மனு கொடுத்ததும் உண்டு. சரியாகக் கிளறாத, காய்ந்த இலை சேர்க்காத உரத்தொட்டி நாறத்தான் செய்யும். அதற்குத் தேவைப்படுவது ஒரு வேலையாளும் ஒரு கண்காணிப்பாளரும். ஆனால், வடசென்னைக்காரர் தாங்கும்படி கேட்கப்படும் புகையோடு ஒப்பிட்டால், தெற்கே உள்ளவர்கள் தங்கள் சொந்த வாழைத்தோலின் நாற்றத்தைத் தங்கள் வட்டத்துக்குள் தாங்க மறுப்பது விந்தையாக இருக்கிறது. மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு, எண்ணூரின் அனல்மின் நிலையம், உர ஆலைகள் என ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் காற்றில்தான் இந்தப் புகைபோக்கியும் சேரப்போகிறது. ஓர் ஆலை தனித்தனியாக விதியின் எல்லைக்குள் இருக்கலாம். அங்கே வாழ்பவர் எல்லா ஆலைகளையும் ஒன்றாகவே மூச்சில் வாங்குகிறார்.

சந்தைகள், திருமண மண்டபங்கள், உணவகங்கள், பெரிய அடுக்ககங்கள் ஆகியவற்றின் ஈரக் கழிவை முதலில் தனியாக எடுக்கலாம். இடம் குறைவு, அளவு மிகுதி, கண்காணிப்பும் எளிது. மொத்தமாகக் குப்பை உண்டாக்குவோர் தங்கள் ஈரக் கழிவைத் தாங்களே கையாள வேண்டும் என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. அதை ஓராண்டு கண்டிப்பாக நடைமுறைப்படுத்திவிட்டு, கொடுங்கையூருக்கு வரும் லாரிகளில் உண்மையில் என்ன இருக்கிறது என்று எடைபோட்டுப் பார்த்துவிட்டு, அதன்பிறகு எரிஉலையின் அளவைப் பற்றிப் பேசலாம். தேவையே இல்லை என்றும் தெரியவரலாம்.

அதற்கு முன்பே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதானால், மாநகராட்சி சில தாள்களையாவது பொதுமக்களுக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது. டயாக்சின் சோதனை ஆண்டுக்கு எத்தனை முறை, அதன் முடிவு எத்தனை நாளில் இணையத்தில் வரும். பறக்கும் சாம்பல் எந்த ஊருக்குப் போகும். உலைக்கு நாள்தோறும் தர வேண்டிய குறைந்தபட்சக் குப்பை எத்தனை டன், அதைத் தர முடியாத நாளில் அபராதம் யார் செலுத்துவது? கடைசிக் கேள்விக்கான எண்ணை முதலில் வெளியிடட்டும்.